காடி இல்லாமல் கம்பம் வரை

போன மாதம் நிகழ்ச்சி முடியப் போகிற நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. ரவாங்கிலிருந்து, புதிதாகக் கல்யாணமான ஜோடி. "அக்கா, திராட்சைத் தோட்டம், ஒயின் போடுற ஊரு, அந்த மாதிரி ஒரு எடத்துக்குப் போவணும். அஞ்சு நாள்தான் லீவு. ரெண்டு பேருக்குமே லைசன்ஸ் இல்ல. எங்க போவலாம்?" விளம்பரத்துக்கு இன்னும் சில விநாடிகள்தான் இருந்தன. "ஆஸ்திரேலியா" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். அரைகுறைப் பதில். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியா என்று சொன்னது தப்பில்லை. பெர்த்தில் இறங்கினால் நகர ரயிலிலேயே கில்ட்ஃபோர்ட் வரை போகலாம். ஸ்வான் பள்ளத்தாக்கின் வாசல் அதுதான். மெல்பர்னில் லில்லிடேல் வரை ரயில், அங்கிருந்து பேருந்து பிடித்தால் யாரா பள்ளத்தாக்கு. லைசன்ஸ் இல்லாதது இதில் ஒரு குறையே இல்லை. ஒயின் ருசி பார்க்கப் போகிறவர் காடி ஓட்டாமல் இருப்பதுதான் நல்லது. நம் நாட்டிலேயே 2020 அக்டோபரில் சட்டம் இறுகிவிட்டது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை என்று இருந்த வரம்பு 50 ஆகிவிட்டது. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஐந்து நாள், இரண்டு பேர், தங்குமிடம், சாப்பாடு என்று கணக்குப் போட்டால், புதுக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் கை நடுங்கும்.

எனக்கு அன்று ஞாபகம் வந்திருக்க வேண்டிய ஊர் கம்பம். போன ஆண்டு அம்மாவோடு போய்வந்த ஊர்.

கம்பம் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கேரள எல்லை மலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே விளைவது பன்னீர் திராட்சை. கறுத்த, தடித்த தோலும் கொட்டையும் உள்ள பழம். வாயில் போட்டால் பன்னீர் தெளித்த மாதிரி ஒரு வாசம் மூக்குக்கு ஏறும். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம் இதுதான். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. ஆஸ்திரேலியா மாதிரி வரிசையாகக் கண்ணாடிக் கோப்பை வைத்து ருசி காட்டும் கூடத்தை எதிர்பார்த்துக் கம்பத்துக்குப் போகாதீர்கள். பழத்தில் பெரும்பகுதி சாப்பிடும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. கொஞ்சம் சாறுக்கும் ஒயினுக்கும் போகிறது. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருப்பதால், தோட்டத்து வாசலில் புட்டி வாங்கும் பழக்கமும் இல்லை. கோப்பைதான் முக்கியம் என்றால் மும்பையிலிருந்து ரயில் ஏறி நாசிக்குக்குப் போங்கள். சூலா நிறுவனம் 1999இல் தொடங்கி வளர்த்த ஊர் அது. திராட்சைக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து தமிழில் பேச வேண்டும் என்றால் கம்பம்தான்.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஒயின் என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. "கள்ளுக்கடையில இருந்து தப்பிச்சு வந்த குடும்பம். இப்ப காசு குடுத்துத் திராட்சக் கள்ளு குடிக்கப் போறியா?" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் போய் நின்று அப்பாவைக் கூட்டிவரும் வேலை, சின்ன வயதில் அவருடையது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் இரண்டு எனக்கு மறக்கவே மறக்காது. ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இன்னொன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அம்மா பிறப்பதற்கு முந்திய கதைதான். ஆனாலும் கள்ளுக்கடை அவர் காலம் வரை இருந்தது.

"குடிக்க இல்லம்மா, பந்தல் பாக்க" என்று சமாதானம் சொன்னேன். அடுத்த கேள்வி, "வேன் யாரு எடுக்கிறா?"

நம் குடும்பங்கள் தமிழ்நாடு போனால் வேன் இல்லாமல் போவதில்லை. திருச்சியில் இறங்கியதும் வாசலில் வெள்ளை வேன், டிரைவர், பட்டியல். சமயபுரம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், துணிக்கடை. நானும் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். ஒன்றும் மோசமில்லை. பாட்டி, பேரப்பிள்ளை, பன்னிரண்டு பெட்டி என்றால் வேன்தான் சரி. ஆனால் அந்த இரண்டு பயணத்திலும் நான் நின்று பேசிய உள்ளூர் மனிதர் யார் என்று யோசித்தால், டிரைவர் ஒருவர்தான். இந்த முறை வேன் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதனால் கொஞ்சம் பயமும் இருந்தது.

தஞ்சோங் மாலிம் நிலையத்திலிருந்து தொடங்கினோம். 2009இல் கொம்யூட்டர் தஞ்சோங் மாலிம் வரை நீண்டதிலிருந்து எங்கள் வட்டாரத்துக்குக் காடி இல்லாமல் உலகம் சுற்றும் வழி ஒன்று கிடைத்திருக்கிறது. நாங்கள்தான் அதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து விமான நிலைய ரயில். விரைவு ரயிலில் 33 நிமிடத்தில் இரண்டாவது முனையம். நேரம் இருந்தால் பேருந்து மலிவு. திருச்சிக்கு நேரடி விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நம் கடப்பிதழுக்கு இந்தியாவின் மின்விசா வேண்டும், அதை வைத்துத் திருச்சியிலேயே நுழையலாம். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில்கள் நிறைய இருக்கின்றன, இரண்டு இரண்டரை மணி நேரப் பயணம். முதல் இரவு மதுரையில் தங்கிவிடுங்கள். பெரிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு தோள்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பேருந்தில் பெட்டிக்கு இடம் கிடையாது. கண்டக்டர் முறைப்பார்.

மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததில் வியப்பும் இல்லை. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவில் அந்தப் பாதையை மூடினார்கள். மீண்டும் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதத்தில், போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில். பன்னிரண்டு வருடம் ரயில் இல்லாமல் இருந்த ஊர். காலையில் மதுரையில் ஏறி, மாலையில் போடியிலிருந்து திரும்பலாம். டிக்கெட் ஒரு தே தாரே விலைதான். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் மலையை வெட்டிய பாதையில் வண்டி நுழையும்போது எல்லாரும் ஒரு பக்கச் சன்னலுக்குப் போய்விட்டார்கள். தினமும் போகிறவர்கள்கூட. அம்மாவும் எழுந்து போனார். முழங்கால் வலியைப் பற்றி அப்போது பேச்சே இல்லை.

தேனியிலிருந்து கம்பம் 40 கிலோமீட்டர் போல. சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகப் பேருந்து வந்துகொண்டே இருக்கும். நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வலதுபுறம் மலை கூடவே வரும்.

தங்கும் இடத்தில்தான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். கம்பம் பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பதிவு செய்யவில்லை. முதலில் நுழைந்த இடத்தில் எங்கள் தமிழைக் கேட்டு அன்பாகப் பேசியவர், சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 'படிவம் சி' என்ற ஒன்றை அரசுக்கு அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜுகளில் பலர் அந்த வில்லங்கமே வேண்டாம் என்று இருக்கிறார்கள். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்த காட்சி இப்போதும் மனசைப் பிசைகிறது. "தமிழ் பேசுனா போதும்னு நெனச்சேன்" என்றார். மூன்றாவது இடத்தில் அறை கிடைத்தது. ஆகவே நீங்கள் புறப்படும் முன்பே போன் போட்டு, "மலேசியப் பாஸ்போர்ட், படிவம் சி போடுவீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் தேனியில் கொஞ்சம் பெரிய விடுதியிலோ, மலைக்கு மேலே குமுளியிலோ தங்குங்கள். குமுளி தேக்கடிக்கு வரும் வெளிநாட்டவருக்குப் பழகிய ஊர்.

பந்தலைப் பற்றி இப்போது சொல்கிறேன். படத்தில் பார்க்கும் ஐரோப்பியத் தோட்டத்தில் கொடி வரிசை வரிசையாக வேலி மாதிரி நிற்கும். கம்பத்தில் அப்படி இல்லை. தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கூரை மாதிரி படரவிட்டிருக்கிறார்கள். சுருளிப்பட்டி போகும் சாலையோரம் பேருந்தை விட்டு இறங்கினோம். கடை போட்டிருந்தவரிடம் ஒரு கிலோ வாங்கிவிட்டு, உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டோம். "வாங்க, கொலையத் தொடாம பாருங்க" என்றார். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. விரல் பட்டால் அது அழிந்துவிடும், சந்தையில் விலை குறைந்துவிடும். உள்ளே நுழைந்தால் வெயில் பச்சையாகிவிடுகிறது. குலைகள் நெற்றி உயரத்தில் தொங்குகின்றன. அம்மா குள்ளம், நிமிர்ந்தே நடந்தார். நான்தான் குனிந்தேன்.

குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் தூங்கி எழுந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். இங்கே கொடிக்குத் தூக்கம் கிடையாது. கவாத்து செய்து கிளையை வெட்டிவிட்டால் நான்கு மாதத்தில் பழம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் கவாத்து செய்வதால், ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். அறுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும் என்றார் அவர். "மழை பெஞ்சா எங்களுக்கும் வேலை இல்ல" என்றார் அம்மா. மழை நாளில் பால் வெட்ட முடியாது, மங்கில் தண்ணீர் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது எனக்குப் பாதி புரியவில்லை. நான் திராட்சை தின்றுகொண்டிருந்தேன். (கழுவித் தின்னுங்கள், மருந்து அடிக்கிறார்கள். விமானத்தில் கொண்டுவரவும் நினைக்காதீர்கள், பழத்துக்கு இறக்குமதி அனுமதி வேண்டும்.)

மறுநாள் விடியும் முன்பே முழிப்பு வந்துவிட்டது, நம் நேரம் அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. தேநீர் குடிக்கக் கீழே இறங்கினோம். இருட்டில் சாலையோரம் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. ஜீப்புகள் வந்து நிற்க, ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஜீப்பில் இத்தனை பேரை அடைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் வண்டன்மேடு வட்டாரத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். காலையில் மலை ஏறி, களையெடுத்து, காய் பறித்து, மாலையில் மலை இறங்குவார்கள். ஆண்டு முழுவதும் இதுதான். வேனில் வந்திருந்தால் இந்த நேரத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம்.

அம்மா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை. "பெரட்டு" என்றார். தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் பெயர் பெரட்டு. நாற்பது வருடமாக அவர் வாயில் வராத சொல். பிறகு என்னைக் கேட்காமலேயே சாலையைக் கடந்து போய், ஜீப்புக்குக் காத்திருந்த ஒரு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார். அவருக்கும் அறுபது வயது இருக்கும். "எத்தன மணிக்கு எந்திரிக்கிறீங்க? பிள்ளைங்கள யாரு பாத்துக்கிறா? அட்டை கடிக்குமா?" அந்தம்மாள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். "மலேசியாவுலயும் இந்த மாதிரி மலை மேலதான் வேலையா?" மலை இல்லை, மேடு, பால்மரம் என்று அம்மா கைகளை வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். கத்தி பிடிக்கும் கை. ஜீப் வந்துவிட்டது. ஏறும் முன் அந்தம்மாள் தன் பேரனின் போன் எண்ணை என் போனில் போடச் சொன்னார்.

சுருளி அருவிக்குப் போனது அதற்குப் பிறகுதான், காலையில் பசியாறிவிட்டு. கம்பத்திலிருந்து நகரப் பேருந்து. முன்பக்கம் இளஞ்சிவப்புச் சாயம் அடித்த வண்டியில் அம்மா காசை நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை, காசில்லா டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த ஊர், எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. தேனியிலிருந்து கம்பம் வந்த மாதிரி வெளியூர்ப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது, அங்கே காசு கொடுக்க வேண்டும். அந்த டிக்கெட்டை அம்மா பணப்பையில் மடித்து வைத்துவிட்டார். அருவியைவிட அதைப் பற்றித்தான் ஊரில் எல்லாரிடமும் சொன்னார். அருவி நன்றாக இருந்தது. வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை அடைத்துவிடும், கம்பத்திலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மதியம் லோயர் கேம்ப். குமுளி மலை ஏறும் முன் வரும் கடைசி ஊர். அங்கே பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது, 2013இல் திறந்தார்கள். 1895இல் அவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். பள்ளத்தாக்கில் நீங்கள் பார்க்கும் நெல்லும் பந்தலும் அந்தத் தண்ணீரால் செழித்தவை. ஒரு வெள்ளைக்காரருக்கு இந்த ஊரில் பொங்கல் வைக்கிறார்கள் என்றதும் அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "நம்ம துரைக்கு யாரு பொங்கல் வச்சா?" என்றார்.

திரும்பும் நாளில் இன்னொரு தப்பு செய்தேன். மாலை ரயிலைப் பிடிக்கத் தேனிக்கு முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பேருந்து மாட்டிக்கொண்டது, ரயில் போய்விட்டது. பெரிய நஷ்டம் இல்லை. தேனியிலிருந்து மதுரை ஆரப்பாளையம் நிலையத்துக்குப் பேருந்து இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் கழிப்பறை வசதி ரயிலில்தான் உண்டு. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முடியாத இடத்தில் ஆட்டோ பிடித்துவிடுங்கள், நாங்களும் இரண்டு முறை பிடித்தோம். காடியே கூடாது என்று நான் விரதம் இருக்கவில்லை.

எப்போது போவது? நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை வேண்டாம். சபரிமலைக் காலம். ஐயப்ப பக்தர்கள் குமுளிக்கு ஏறும் வழியே இதுதான். மலைப் பாதையை ஒருவழியாக்கிக் கம்பம்மெட்டு வழியே வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், பேருந்தில் நிற்க இடம் இருக்காது. பிப்ரவரி நல்லது. வெயில் ஏறியிருக்காது, மழையும் இருக்காது, பழம் இனிக்கும்.

ரவாங் ஜோடி இதைப் படித்தால், இன்னொரு முறை நிகழ்ச்சிக்கு அழையுங்கள். இந்த முறை பாட்டைப் போடாமல் பேசுகிறேன்.

அந்தப் பேரன் போனிலிருந்து அம்மாவுக்கு இப்போதும் குரல் செய்தி வருகிறது. நேற்றும் ஒன்று வந்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டதாம், இரண்டு நாளாக ஜீப் ஏறவில்லையாம்.